ரபியின் கதிரையும் நான் ஆட்டிய தலையும்

இருபத்தாறு வருட வேலையில் நான் செய்த மிகப் பெரிய பிழைக்கு ஒரு வினாடிதான் எடுத்தது. ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். வாய் திறக்கவில்லை, ஆனாலும் அது பொய். அந்தப் பொய்யால், தகப்பனுக்குப் பிறகு அவருடைய இடத்துக்கு வந்திருக்கவேண்டிய ஒரு நல்ல மனிதர் வராமல் போனார்.

எங்கள் ஊர்ச் சங்க மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரும்படி கேட்டார்கள். உறைபனியில் பொய்லர் நின்ற கதை, மண்டபத்துக்குள் நரி புகுந்த கதை எல்லாம் என்னிடம் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம், கோயில், அலுவலகம் என்று கட்டடம் பார்க்கும் வேலைக்குப் போகும் இளையவர்கள் இதை வாசிப்பார்கள் என்று சொன்னபடியால், சிரிக்க வைக்கும் கதைகளை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் வெட்கம் மட்டும்தான் வரும் என்று நினைத்தேன். அந்த நாட்களின் பரபரப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

1. சொல்லாமல் செய்கிற வேலை

ஊரில் நான் கணித ஆசிரியர். லண்டனில் சில வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்றேன். பிறகு, செவன் கிங்ஸிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்த ஒரு யூத ஆலயத்தில் கட்டடம் பார்க்கும் கெயார்டேக்கர் வேலை கிடைத்தது. ஆலயத்தை அவர்கள் ஷூல் என்பார்கள். சம்பளத்தோடு, மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடும் தந்தார்கள். என் பிழையில் பாதிக்குக் காரணம் அந்த வீடு.

முதல் நாள் சேர்மன் மிஸ்டர் கோஹன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டினார். திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர். எதையும் உரத்துத்தான் சொல்வார். அவர்கள் எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். என் மனதில் அது எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

"பேர் என்ன சொன்னனீர்?"

"நாதன்."

"நேதனோ? அது எங்கடை பேரெல்லோ. எங்கடை ஆளோ?"

"இல்லை சேர். சண்முகநாதன். யாழ்ப்பாணம்."

"நல்லதாப் போச்சு. எங்கடை ஆளெண்டால் சனிக்கிழமை லைற் போட ஏலாது. நீர்தான் சரி."

வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இருட்டும் வரை அவர்களுக்குச் சபாத், ஓய்வு நாள். சுவிட்சைத் தொடமாட்டார்கள். தொடும்படி என்னிடமும் சொல்லமாட்டார்கள். சொன்னால் தாங்களே தொட்டதுபோல. "இண்டைக்கு நல்ல குளிர்" என்று யாரோ யாருக்கோ சொல்வார். நான் போய் ஹீற்றரைப் பார்ப்பேன். வருடங்கள் போக, அவர்கள் அதைச் சொல்லுமுன்பே செய்யத் தொடங்கினேன். ரபி பெர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் வெளிச்சம் போதவில்லை. மிஸிஸ் றோஸ் விசிறிக்கொண்டால் மேல் யன்னல் திறக்கவேண்டும்.

ரபி என்றால் அவர்களுடைய மதகுரு. பெர்மன் அந்த ஷூலில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். ஒருமுறை அவர், "நாதன், நாங்கள் சொல்லாததும் உமக்குத் தெரியுது" என்றார். அந்தப் பாராட்டை நான் மூன்று நாள் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருகாலத்தில் ஆசிரியராக இருந்தவனுக்குத் தலைக்கனம் ஏறப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

2. குசினிக்குள் தேர்தல்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ரபிக்கு இதயத்தில் ஒப்பரேசன் நடந்தது. இனி வேலை வேண்டாம் என்று டொக்ரர் சொல்லிவிட்டார். புது ரபி தேடினார்கள். கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ரபியின் மகன் டேனியல். அவரும் படித்து ரபியானவர், வடமேற்கு லண்டனில் ஒரு யூதப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். மற்றவர் வெளியூரில் ஒரு சிறிய ஷூலில் இருந்த ரபி கிளைன். மூன்று சின்னப் பிள்ளைகளின் தகப்பன்.

ஆறு கிழமை! அந்த ஆறு கிழமையும் ஷூல் எங்கள் ஊர்த் தேர்தல் காலம் போல இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் கிழமைக்கு இரண்டு தரம் வந்தார்கள். வாகனம் நிறுத்த இடமில்லை. கோப்பைகள் போதவில்லை. நான் ஓடி ஓடிக் கதிரை அடுக்கினேன். எனக்கு அது பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். குசினிக்குள்தான் உண்மையான விவாதம். குசினிக்குப் பொறுப்பான மிஸிஸ் றோஸ் மீன் வெட்டியபடியே தொடங்குவார்.

"தகப்பன் நல்லவர். மகனும் நல்லவன். பிறகேன் பேப்பரில விளம்பரம்? கடையில சாமான் இருக்கேக்கை வெளியில ஓடர் பண்ணுவினமோ?"

"இது கடையில்லை, றோஸ்" என்றார் கோஹன். "வேதத்தில, மோசேக்கும் ரெண்டு பெடியள் இருந்தவங்கள். இடம் அவங்களுக்கே போனது? மோசேயின்ரை படிப்பு மண்டபத்தில வாங்கு அடுக்கிப் பாய் விரிச்ச சீடன் யோசுவாவுக்கெல்லே போனது."

"ஓகோ! உங்களுக்கு மட்டும் பிறப்பால வரலாமோ? கோஹன் குடும்பமெண்டுதானே முன்னுக்கு நிண்டு எங்களை ஆசீர்வதிக்கிறியள்? எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத ஆள்!"

"அது பூசைப் பரம்பரை, ரத்தத்தில வாறது. நான் என்ன செய்ய? பிறந்திட்டன்."

குசினி முழுக்கச் சிரித்தது. ஆனால் இரண்டு பேரும் சொன்னதில் விசயம் இருந்தது. பூசை செய்யும் உரிமை பிறப்பால் வரும். அரசும் பிறப்பால் வரும். படிப்பு அப்படியல்ல, அதைத் தேடி வருகிறவன் எவனும் எடுத்துக்கொள்ளலாம். இது அவர்களின் எண்ணம். அதே நேரம், மகன் தகுதியானவனாகவும் கடவுளுக்குப் பயந்தவனாகவும் இருந்தால் தகப்பனின் இடத்துக்கு முதலில் அவனைப் பார்க்கவேண்டும் என்ற பேச்சும் அவர்களிடம் உண்டு. ரபியின் இடம் பூசையைச் சேர்ந்ததா, படிப்பைச் சேர்ந்ததா என்று அவர்கள் மணிக்கணக்காக வாதாடினார்கள். வாதாடுவதில் அவர்களுக்கு இருந்த சந்தோசத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

ரபி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மகனின் பெயர் எடுபட்டால் எழும்பிப் போய்விடுவார். அவருடைய வீட்டில் பல்ப் மாற்றப் போன ஒரு நாள் நான் நேரே கேட்டேன்.

"ரபி, டேனியல் வாறது உங்களுக்கு விருப்பந்தானே?"

"என்ரை விருப்பத்தைச் சொன்னால் அது பத்து வோட்டாகிப் போயிடும், நாதன்." பிறகு சொன்னார்: "எனக்கு ஒரு பயம் இருக்கு. அவன் கதைக்கேக்கை நான் கதைக்கிற மாதிரியே கிடக்கு. என்ரை உதாரணம், என்ரை பகிடி. ஒருநாளும் என்னோடை மாறுபட்டதில்லை. நான் போன பிறகும் நான்தான் இருக்கப்போறனெண்டால், அதை வாரிசெண்டு சொல்லுறதே?"

காது கேட்டது. மனம் கேட்கவில்லை. மனிதர் வெட்கத்தில் மறைக்கிறார், உள்ளுக்குள் ஆசைதான் என்று முடிவு கட்டினேன். நாங்கள் சொல்லாததும் உமக்குத் தெரியும் என்று அவரே சொன்னவர் அல்லவா?

3. வெள்ளிக்கிழமை பிற்பகல்

இனி வீட்டுக் கதை. ரபி கிளைன் தன்னுடைய சோதனைச் சபாத்துக்கு வந்தபோது கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார். சோதனைச் சபாத் என்றால், வேலைக்குக் கேட்கும் ரபி ஒரு சனிக்கிழமை வந்து தொழுகை நடத்திப் பிரசங்கம் செய்வது. எங்கள் வீட்டு வாசலில் நின்று அவர் கோஹனிடம், "இந்த ரெண்டு அறையும் நேர்சரிக்கு நல்லா வரும்போல" என்றார். நான் உள்ளே சேர்ட் மினுக்கிக்கொண்டு நின்றேன். மினுக்கிய இடத்தையே திரும்பத் திரும்ப மினுக்கினேன்.

அறுபது வயதில், மனைவியோடு, லண்டனில் வீடு தேடுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டேனியல் என்றால் எனக்குப் பயமில்லை. அவர் சின்ன வயதிலிருந்து என் மனைவி மனோவின் கண்முன்னே வளர்ந்தவர்.

"ரபி கிளைன் சும்மா சொன்னதாயும் இருக்கும்" என்றாள் மனோ. "அவையின்ரை விசயத்துக்குள்ளை நீங்கள் தலையைக் குடுக்காதேங்கோ."

"நான் என்ன செய்யப்போறன்?"

"உங்கடை முகத்தைப் பாத்தாத் தெரியுது, ஏதோ செய்யப்போறியள்."

அடுத்த கிழமை டேனியலின் சோதனைச் சபாத். சபாத்தில் பொருட்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் வருவதில்லை. ஆகவே வெள்ளி பிற்பகலே டேனியல் தன்னுடைய செபச் சால்வைப் பையையும் புத்தகத்தையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். "முதல் வரிசைக் கரையில வைச்சுவிடுங்கோ, மிஸ்டர் நாதன்."

வைத்தேன். விளக்குகளின் டைமரைச் சரிபார்த்தேன். திரும்பி வந்து, பையையும் புத்தகத்தையும் எடுத்து, வேதச் சுருள்கள் இருக்கும் பேழைக்கு வலப்பக்கத்தில் இருந்த கைபிடிக் கதிரையில் வைத்தேன். அது ரபியின் கதிரை. ரபி வீட்டில் படுத்திருந்தார், அதனால் அது வெறுமையாக இருந்தது.

என் கணக்கு இதுதான். எங்கள் கோயிலில் குருக்களின் மகன் குருக்கள். ஒரு திருவிழாவில் அவனைத் தகப்பனின் இடத்தில் இருத்திவிட்டால், சனத்தின் கண் பழகிவிடும். பிறகு ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நாளைக்கு எல்லோரும் டேனியலை அந்தக் கதிரையில் பார்க்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வோட்டுத் தானாக விழும்!

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை, அவருக்கென்று இருக்கும் இடத்தில் பிள்ளை உட்காரக்கூடாது என்பது அவர்களின் சட்டம். வீட்டு மேசையிலும் அப்படித்தான், ஷூலிலும் அப்படித்தான். தகப்பன் தானாக அந்த மரியாதையை விட்டுக்கொடுத்தால் மட்டும் பாதகமில்லை. இத்தனை வருடம் அங்கே வேலை செய்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். டேனியல் ஒருநாளும் அந்தக் கதிரையில் உட்கார்ந்ததில்லை. நடக்காத ஒன்றை எப்படிக் கவனிப்பது?

4. சனிக்கிழமை

காலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேலே பெண்கள் பகுதியில் யன்னல் விளிம்புவரை ஆட்கள். டேனியல் உள்ளே வந்தார், கதிரையைப் பார்த்தார், அப்படியே நின்றார். பக்கக் கதவருகே நின்ற என்னிடம் வந்து காதோடு கேட்டார்.

"அதில ஏன் இருக்கு? அப்பா சொன்னவரோ?"

நான் தலையை ஆட்டினேன்.

அவருடைய முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். தகப்பன் தன்னுடைய மரியாதையை விட்டுக்கொடுத்து மகனுக்கு இடம் தருகிறார் என்று அவர் நினைத்தார். ஆறு கிழமையாக ஒரு சொல்லும் சொல்லாத தகப்பன்! தகப்பன் சொன்னால் கேட்கவேண்டியதும் மகனின் கடமைதானே. போனார். சால்வையைப் போர்த்தார். கதிரையில் உட்கார்ந்தார்.

மண்டபத்தில் பேச்சு நின்றது. நான் அதை மரியாதை என்று நினைத்து உள்ளுக்குள் குதித்தேன்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். பின்கதவு திறந்தது. ரபி பெர்மன்! நடக்கவே கூடாது என்று டொக்ரர் சொன்ன மனிதர், மகனின் பிரசங்கம் கேட்க, பொல்லை ஊன்றி இருபது நிமிடம் நடந்து வந்திருக்கிறார். எல்லோரும் எழும்பினார்கள். டேனியலும் எழும்பினார். எந்தக் கதிரையிலிருந்து எழும்பினார் என்பதைத் தகப்பன் கண்டார்.

ரபி இரண்டு வினாடி நின்றார். பிறகு இரு என்று கையைக் காட்டிவிட்டு, கடைசி வரிசையில், பழைய புத்தகங்கள் அடுக்கிய மூலையில் போய் அமர்ந்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும், தகப்பன் சொல்லவில்லை என்று டேனியலுக்கு விளங்கிவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். நான் மேலே, எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் உட்காரவேயில்லை. தொழுகை முடியும்வரை நின்றார். பிரசங்கமும் செய்தார், நன்றாகவே செய்தார். ஒருவரும் கேட்கவில்லை. தேநீர் வேளையில் எல்லா மேசையிலும் ஒரே கதைதான்.

"தகப்பன் படுக்கையில, இவர் கதிரையில!"

"வோட்டு முடியுமட்டும் பொறுக்கேல்லைப் போல."

5. ஞாயிற்றுக்கிழமை

காலையில் வோட்டுக் கூட்டம். ரபி வரவில்லை. நான் மண்டபத்தின் பின்னால், தேநீர்க் கொதிபானைக்குப் பக்கத்தில் நின்றேன். கிளைன் முதலில் வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே போனார். பிறகு டேனியலைக் கூப்பிட்டார்கள்.

கோஹன் எழும்பினார். "எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நேற்று அந்தக் கதிரையில இருக்கச் சொல்லி உம்மடை அப்பா சொன்னவரோ?"

"இல்லை."

"அப்ப ஏன் இருந்தனீர்?"

மிஸிஸ் றோஸ் தாங்கமாட்டாமல் கத்தினார்: "சொல்லு ராசா! ஏதாவது காரணம் இருக்கும், சொல்லு!"

டேனியல் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து கொஞ்சம் நின்றது. கோபம் இல்லை. காத்திருக்கிற பார்வை. என் வாய் திறந்ததுதான். சொல்லும் வந்தது. அதோடு நேர்சரி என்ற சொல்லும் வந்தது. இரண்டு அறை, மனோவின் கறிவேப்பிலைச் சட்டி, எல்லாம் கண்ணில் வந்தன. வாயை மூடிக்கொண்டு கடதாசிக் கோப்பைகளை எண்ணத் தொடங்கினேன்.

"நான் இருந்திருக்கக் கூடாது" என்றார் டேனியல். "அது பிழை. வேற சொல்ல ஒண்டுமில்லை."

நாலு வோட்டு வித்தியாசத்தில் கிளைன் வென்றார். கைதட்டினார்கள். நான் தேநீர் ஊற்றினேன்.

6. திங்கட்கிழமை, காருக்குள் மூன்று கிழவர்கள்

திங்கள் காலையில் மனோ என் முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு நாளாச் சாப்பாடு இல்லை. என்ன செய்தனீங்கள்?"

சொன்னேன். முழுவதும் கேட்டாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் போய் என் சப்பாத்தை எடுத்து வந்து காலடியில் வைத்தாள்.

"போடுங்கோ."

"வீடு போயிடும், மனோ."

"போகட்டும். போடுங்கோ."

ரபி யன்னலோரம் இருந்தார். நான் உட்காராமல், நின்றபடி, பையை எடுத்தது, கதிரையில் வைத்தது, தலையாட்டியது, கோப்பை எண்ணியது எல்லாம் சொன்னேன்.

"ரெண்டு நாள்" என்றார். "ரெண்டு நாளா நான் என்ரை பிள்ளையைப் பற்றிக் கூடாமல் நினைச்சுக்கொண்டிருந்தன். உமக்கு விளங்குதோ நீர் என்ன செய்தனீர் எண்டு?"

"விளங்குது, ரபி."

"இல்லை, விளங்கேல்லை. பரவாயில்லை, கோட்டை எடும். கோஹனுக்குப் போன் போடும். கார் இருக்கோ?"

"இருக்கு."

"ஓடுமோ?"

"ஓடும்."

அடுத்த கால் மணித்தியாலத்தில் கோஹன் கடையைப் பூட்டிவிட்டு என் பழைய கார்க் கதவைத் திறந்தார். கதை கேட்டதும் அவருடைய முகம் சிவந்தது.

"நாதன்! உம்மை நான்..."

"பிறகு கதைப்பம்" என்றார் ரபி. "ஏறும். கிளைனுக்குக் கடிதம் அனுப்பியாச்சோ?"

"இல்லை. போனில மட்டும் சொன்னனான்."

"அப்ப திரும்பக் கூட்டம் கூட்ட ஏலும்!"

"ஏலும்! சட்டத்தில இடமிருக்கு!"

ரபிக்கு வந்த உற்சாகம்! ஒப்பரேசன் செய்த மனிதர் டாஷ்போர்டில் தட்டுகிறார். வெம்பிளிக்கு மரக்கறி வாங்கப் போகிற பழக்கத்தில் எனக்கு வடமேற்குப் பாதை தெரியும். நோர்த் சேர்க்குலர் றோட்டில் லொறிகளுக்கு நடுவே ஓட்டினேன். பின் சீற்றிலிருந்து கோஹன், "வலப்பக்கம் போம்! ஐயோ, இடப்பக்கம்!" என்று கத்தினார். வோட்டு எப்படி மாறும், யார் யார் மாறுவார்கள் என்று இருவரும் விரல் விட்டு எண்ணினார்கள். எனக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றியது. பிழையைத் திருத்திவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று வேகத்தைக் கூட்டினேன்.

பள்ளிக்கூட வராந்தாவில், பிள்ளைகளின் கோட்டுகள் தொங்கிய இடத்தில் காத்து நின்றோம். மணி அடித்து டேனியல் வெளியே வந்தார். மூவரையும் ஒன்றாகக் கண்டு பயந்துபோனார்.

"அப்பா, நெஞ்சுக்கு ஏதும்..."

"நெஞ்சு நல்லாயிருக்கு! நாதன் எல்லாம் சொல்லிப்போட்டார். திரும்ப வோட்டு வைக்கப்போறம்."

டேனியல் தகப்பனைப் பார்த்தார். கோஹனைப் பார்த்தார். "ரபி கிளைனுக்குச் சொல்லியாச்சோ?"

"போனில" என்றார் கோஹன்.

"என்ன சொன்னவர்?"

கோஹன் தயங்கினார். "அழுதவர். மனிசி பின்னாலை நிண்டு சந்தோசத்தில கத்தினது கேட்டுது. இண்டைக்குக் காலமை தன்ரை ஷூலில விலகல் கடிதம் குடுக்கிறதெண்டும் சொன்னவர்."

டேனியல் நெடுநேரம் யோசிக்கவில்லை. தகப்பன் சொன்னதைப் பிழை என்று பிள்ளை முகத்துக்கு நேரே சொல்வதும் அவர்களுக்குள் ஆகாது. கேள்வியாகத்தான் கேட்கலாம். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்பா, ஒருத்தரை ஊருக்கு முன்னாலை வெக்கப்படுத்துறதை உயிர் எடுக்கிறதுக்குச் சமனாச் சொல்லி நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?"

"ஆனால் இடம் உன்ரை" என்றார் கோஹன். "நியாயப்படி உன்ரை!"

"நியாயத்துக்கு அவர் என்ன பிழை செய்தவர்? மூண்டு பிள்ளையள். நான் வரேல்லை, மிஸ்டர் கோஹன்."

நான் முன்னால் போய் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொற்களில் கேட்டேன் என்று நினைவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமெல்லே. ஏன் கூட்டத்தில சொல்லேல்லை?"

"சொன்னால் உங்களுக்கு வேலையும் வீடும் போயிருக்கும்." பிறகு சொன்னார்: "நீங்கள் சொல்லுவியளெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. அவர் போய்விட்டார்.

திரும்பும்போது, ரபி மனம் உடைந்துவிட்டார் என்று நினைத்து நான் பக்கம் திரும்பி அவரைப் பார்க்கத் துணியவில்லை. திடீரென்று அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"கோஹன், கண்டீரோ? என்னை மடக்கிப்போட்டான்! நான் ஒரு மணித்தியாலமாத் துள்ளிக்கொண்டு வாறன், என்ரை படிப்பையெல்லாம் மறந்து, என்ரை பிள்ளைக்கு இடம் எடுத்துக்குடுக்க. அவன் ஒரே கேள்வியில நிப்பாட்டிப்போட்டான். என்னட்டை யோசினை கேக்கேல்லை, கண்டீரோ? முதல் தரம் என்னோடை மாறுபட்டிருக்கிறான், அதுவும் சரியா!"

"இடம் போச்சே, ரபி" என்றார் கோஹன்.

"கதிரை போச்சு" என்றார் ரபி. "குடுக்க இருந்தது எல்லாம் அவனிட்டைப் போய்ச் சேர்ந்திட்டுது. விளங்கேல்லையோ? இனி என்னட்டை ஒண்டுமில்லை!" என்று சொல்லிவிட்டு, மற்றக் கார்க்காரர்கள் திரும்பிப் பார்க்க, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார்.

அந்தப் பாட்டைக் கேட்டபடி கார் ஓட்டியவன் நான். அப்படி ஒரு சந்தோசத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு வெட்கத்தோடு நான் ஒருநாளும் இருந்ததில்லை.

7. பிறகு

அடுத்த சபாத் தேநீரில், கோஹன் சொன்னபடி, எல்லோருக்கும் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். மிஸிஸ் றோஸ் ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. ரபி கிளைன் வந்தார், நல்ல மனிதர். நேர்சரியை மேல்மாடியில் கட்டினார். எங்களை அந்த இரண்டு அறையிலேயே, நான் ஓய்வு பெறும்வரை, இருக்க விட்டார். எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ, அது நடக்கவேயில்லை.

ரபி பெர்மன் இன்னும் இரண்டு வருடம் இருந்தார். டேனியலுக்கு வடக்கே ஒரு ஊரில் ஷூல் கிடைத்தது, தகப்பன் மறைந்த பிறகுதான். மகன் தன் சொந்தச் சபையின் முன்னால் நின்றதைத் தகப்பன் காணவில்லை. அதற்குக் காரணம் நான். டேனியல் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். நான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கணக்கு அவருடைய மன்னிப்பால் குறையவில்லை.

கட்டடம் பார்க்கும் வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் இல்லை. நீங்கள் வேலை செய்கிற இடத்து மனிதர்களின் மனம் உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கும் நாளில் இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். ஒரு பொருளை இடம் மாற்றி வைத்தால், மாற்றியது நான் என்று அன்றைக்கே சொல்லுங்கள். ஆள் கேட்க முதல் சொல்லுங்கள். நான் சனிக்கிழமை சொல்லவேண்டியதைத் திங்கட்கிழமை சொன்னேன்.